மிதித்ததும் போக வேண்டும்

சம்மட்டி என்று கேட்டால்தான் அவனுடைய பட்டறைக்கு வழி சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். துருப்பிடித்த நட்டு அசைய மறுத்தால் எண்ணெய் விட்டுக் காத்திருக்கிற பொறுமையெல்லாம் அவனிடம் கிடையாது, சம்மட்டியால் ஒரே போடுதான். வாயைக் கொடுக்கும் வாடிக்கையாளருக்கும் அதே வைத்தியம். வேலையைக் குறை சொன்ன ஒரு லாரிக்காரரின் மூக்கை உடைத்தான். அவர் திருப்பிக் கொடுத்ததில் இவனுடைய முன்பற்கள் போயின. மூக்கு ஆறிய கையோடு அதே லாரிக்காரர் அதே லாரியைக் கொண்டுவந்து இவனிடமே விட்டார். கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவன் நல்ல மெக்கானிக்.

அன்று காலை தங்கையின் கார் பட்டறை வாசலில் திணறியபடி வந்து நின்றது. இறங்கியவளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. ஒரு கண் மூடிக்கொண்டு வீங்கிக் கிடந்தது. நெற்றியில் தையல். ஒரு கை முழுக்க மாவுக்கட்டு, விரல்கள் மட்டும் வெளியே.

"அவருதான்" என்றாள். "முந்தாநாள் பைய எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். கேட்கிட்ட வந்து மிதிச்சேன். வண்டி யோசிச்சுது. அதுக்குள்ள ஓடி வந்துட்டாரு."

ஜன்னல் வழியாகக் கையை விட்டு முடியைப் பிடித்து, ஸ்டியரிங்கில் முகத்தை மோதியிருக்கிறான் அவள் புருஷன். இறங்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் மேலேயே கதவை அடித்துச் சாத்தியிருக்கிறான்.

"நீ சொன்ன மாதிரி நல்லாத்தான் அழுத்தினேண்ணே."

போன வாரம்தான் அவள் இதே காரைக் கொண்டுவந்து, "மிதிச்சா கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் போகுது" என்று சொன்னாள். பட்டறை முழுக்க வேலை. பானெட்டைத் திறந்து, வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஆக்சிலேட்டரை இழுத்துப் பார்த்தான். இன்ஜின் ஜோராக உறுமியது. "வண்டில ஒண்ணுமில்ல. உன் கால்தான் பயப்படுது, நல்லா அழுத்து" என்று கிண்டல் செய்து அனுப்பிவிட்டான். சும்மா நிற்கிற இன்ஜின் பொய் சொல்லும். பாரம் இழுக்கும்போதுதான் அதன் நோய் தெரியும். இது தெரியாதவனா அவன்? தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டான், அவ்வளவுதான்.

சம்மட்டியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான்.

"எங்க போற?" தங்கை குறுக்கே வந்து நின்றாள். "அவரை அடிச்சுட்டு நீ ஜெயில்ல உக்காருவே. அவரு ஆஸ்பத்திரிலேருந்து நேரா என்கிட்டதான் வருவாரு. என் சிநேகிதி வேற ஊர்ல வேலை பார்த்து வெச்சிருக்கா. எனக்கு வண்டி ஓடணும், அது போதும்."

"பஸ்ல போயேன்."

"பஸ் ஸ்டாண்டு, ரயிலடி எல்லா இடத்துலயும் மூட்டை தூக்கறது யாரு? அவரு கிடங்கு ஆளுங்கதானே? கிடங்குலேருந்து வந்து என்னைக் காணோம்னா முதல்ல இங்கதான் வருவாரு. சீக்கிரம் பாருண்ணே."

அவன் சம்மட்டியை ஓங்கி மேஜையில் அடித்தான். டப்பாக்கள் எகிறி விழுந்தன, போல்ட்டுகள் தரையெல்லாம் உருண்டன. பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டு பானெட்டைத் திறந்தான்.

காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. பிளக்குகளில் குறையில்லை. பெட்ரோல் குழாயில் அழுத்தமானியைச் சொருகி, கண்ணாடிக்கு முன்னால் தெரியும்படி கட்டிவிட்டு, தெருக்கோடி மேட்டில் ஓட்டினான். நிற்கும்போது விறைப்பாக இருந்த முள், மேட்டில் மிதித்ததும் துவண்டு விழுந்தது. வண்டிக்குப் பசி, பெட்ரோல் வந்து சேரவில்லை.

பட்டறைக்குத் திரும்பி பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றித் தட்டில் கவிழ்த்தான். சேறு கொட்டியது. டேங்கை இறக்கிப் பார்த்தால் அடியில் மண் படிந்து கிடந்தது, நடுநடுவே வெள்ளைத் துணுக்குகள்.

தங்கை ஒரு துணுக்கை எடுத்து விரலில் உருட்டினாள். "முட்டை ஓடு. ரோஜாத் தொட்டிக்கு நான்தான் நசுக்கிப் போடுவேன். ஒரு தொட்டி காலியா கிடந்துச்சு, பூனை தள்ளிடுச்சுன்னு சொன்னாரு."

தெரியாமல் விழுந்த மண் இல்லை அது. அவள் என்றைக்காவது ஓடுவாள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டிருக்கிறான் படுபாவி.

"அப்போ என் கால் பயப்படல" என்றாள் அவள். அப்போதுதான் முதல் முறையாக அழுதாள்.

சம்மட்டி தலையை நிமிர்த்தவே இல்லை. டேங்கைக் கழுவினான், குழாய்களை ஊதினான், புது வடிகட்டி போட்டான், டேங்கை மாட்டிப் புதுப் பெட்ரோல் ஊற்றினான். பசி, தாகம் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான். கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தான். கையில் மூட்டையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கி.

"மச்சான், மரியாதையா ஒதுங்கு. என் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறேன்."

"வண்டில ஏறு" என்றான் சம்மட்டி, தங்கையிடம்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை கார் கதவை நோக்கிப் பாய்ந்தான், சம்மட்டி குறுக்கே விழுந்தான். கொக்கி அவன் தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது. ரத்தம் சட்டையை நனைத்துக்கொண்டு வழிந்தது. இரும்புச் சம்மட்டி எட்டுகிற தூரத்தில் மேஜை மேல்தான் கிடந்தது. எடுத்து ஒரு போடு போட்டிருக்கலாம். குறி தப்பினால் தங்கை மாப்பிள்ளையின் கையில் சிக்கிவிடுவாள். அதனால் பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான். அடிக்கவில்லை. கீழே சரிந்து, மாப்பிள்ளையின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மிதி!" என்று கத்தினான்.

முதுகில் கொக்கி இறங்கியது. திரும்பவும் இறங்கியது. மாப்பிள்ளை ஒரு காலை உருவிக்கொண்டு பூட்ஸால் முகத்தில் உதைத்தான், மிச்சப் பற்களில் சில உடைந்து வாய்க்குள் கிடந்தன. சம்மட்டி மற்றக் காலை விடவில்லை. அவனுடைய கவனமெல்லாம் காதில் இருந்தது.

இன்ஜின் உறுமியது. இடைவெளி இல்லை. டயர் கீச்சிட்டு, மண்ணை வாரி இவர்கள் இருவர் மேலும் அடித்துவிட்டுக் கார் பாய்ந்தது. தெருவில் கியர் மாறும் சத்தம் கேட்டது. மேட்டில் ஏறும்போதுகூட அது திணறவில்லை.

"எதுக்குடா சிரிக்கிற, நாயே?" மூச்சிரைக்கக் கேட்டான் மாப்பிள்ளை.

சம்மட்டி ரத்தத்தைத் துப்பினான்.

"யோசிக்கல மாப்ளே" என்றான். "வண்டி யோசிக்கவே இல்ல."