வாசலைத் தாண்டாத பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பசுந்தாங்கில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய அண்ணன் மகன் போனில் பேசினான். படித்தவர்களைப் பர்மிய மொழியில் அழைப்பதுபோல் என்னையும் எல்லோரும் சயா என்பார்கள். "அத்தை போயிட்டாங்க, சயா. காலைல டீ வச்சுட்டு எழுப்பினேன். எந்திரிக்கல." எப்போது எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். போனை வைத்ததும் எனக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனி அவர் யாரிடமும் எதையும் சொல்லப் போவதில்லை. அடுத்த நொடியே என் மேல் எனக்கு அருவருப்பு வந்தது என்றாலும், முதலில் வந்தது அதுதான். அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். சீனர் தெருவில் ஒரு மூலிகைக் கடையில் இளம் வயதிலிருந்து வேர் வெட்டி, நிறுத்து, பொட்டலம் கட்டியவர். கடைக்காரச் சீனக் கிழவர் இறந்து கடை மூடியபின், மிங்கலாடோனில் எங்கள் பக்கம் குடிவந்தார். அங்கே வீட்டுக்கு வீடு நாலைந்து பன்றி வளர்ப்பார்கள். கிழவரிடம் கற்ற கஷாயச் சரக்கைப் பன்றிகளுக்குக் கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். அதிமதுரம், பான்-லான்-கென் என்று சீனத்தில் சொல்லும் ஒரு வேர், இன்னும் மூன்று. கற்பூரம் காட்டாமல் காப்பி குடிக்காத அம்மாள், பன்றிக்கறி வாசனை வந்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். கேலி செய்தால், "அது நோவுல கிடந்தா எனக்கு மனசு கேக்கல. சட்டியில கிடந்தா வயிறு கேக்கல. நான் என்ன செய்ய?" என்பார்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். அந்த வட்டாரத்தில் ஊசி போடுகிறவன். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று சொன்னால் அவர் மேலும் பழி போட்டதாகும். எனக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை.

அவர் வேலை செய்யும் விதமே தனி. மூன்று நாளுக்கு மட்டும் சரக்குக் கட்டுவார். தானே கொண்டுபோய் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, வேலிக்கு வெளியே நின்று பன்றியைப் பார்ப்பார். எந்த வாசலையும் தாண்டியதில்லை. மருந்து வேண்டுமென்றால் அவர் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டும். கஷாயம் காய்ச்சுகிறவர் இருபத்தொரு நாள் வேறு பன்றிக்கொட்டிலுக்குப் போகக்கூடாது. வாசல் பூட்டியிருக்க வேண்டும். ஓட்டல் மிச்சத்தைப் பன்றிக்கு ஊற்றக்கூடாது. வெளியே போன செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது. தலையாட்டாதவருக்குப் பொட்டலம் கிடையாது.

"பன்றியைத் தொட்டே பார்க்காமல் என்ன வைத்தியம் அது?" என்று ஒருமுறை மடக்கினேன். "வேலியில நின்னாலே தெரியும், சயா. உள்ள போனா நான் காலோட என்னத்தக் கொண்டுவருவேனோ, யாரு கண்டா?" என்றார். அதோடு என் பூட்ஸைப் பார்த்து, "பகோடாவுக்குப் போனா கழட்டறோம். இங்க மட்டும் ஏன் கழட்டக் கூடாது?" என்றும் கேட்டார். நாலு பேர் இருந்தார்கள். கோயிலையும் பன்றிக்கொட்டிலையும் ஒன்றாக்கிவிட்டாரே என்று நான் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

பக்கத்துப் பேட்டையில் நோய் வந்து பன்றிகள் செத்த ஒரு மழைக்காலத்தில், எங்கள் தெருவில் ஒன்றுகூடச் சாகவில்லை. பொட்டலத்தின் மகிமை என்றார்கள் வளர்ப்பவர்கள். தற்செயல் என்றேன் நான். தெருவெல்லாம் வாசல் பூட்டிக் கிடந்ததை அவர்களும் கவனிக்கவில்லை, படித்த நானும் கவனிக்கவில்லை. அக்காவிடம் கேட்டதற்கு, "வேர் நோயைக் கொல்லும்னு நான் எப்பச் சொன்னேன்? கொஞ்சம் தீனி எடுக்க வைக்கும். மிச்சமெல்லாம் அவங்க வீட்டோட இருந்ததுதான்" என்றார். நான் அதைத் தன்னடக்கம் என்று நினைத்தேன். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மழைக்காலம் மறுபடி நோய்ச் செய்தி வந்தது. ஒரு முற்றத்தில் எல்லோரையும் கூட்டிப் பேசினேன். இந்த வைரஸுக்கு மருந்தே கிடையாது என்றேன். அதுவரை சரி. அதோடு நிறுத்தியிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. ஆணியில் மாட்டியிருந்த அக்காவின் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, முகர்ந்து, "இது சுக்குக் காப்பி. பன்றிக்கு இதுவும் கொடுத்து, கூடவே ரெண்டு பிஸ்கட்டும் கொடுங்கள்" என்றேன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. தலையைத் திருப்பினால் வேலிக்கு வெளியே அக்கா. அவரும் சிரித்தார். பிறர் மனம் நோகக் கூடாதென்று வாய் திறக்காமல் இருப்பதற்கு நம் ஊரில் ஆனாதே என்பார்கள். அந்தச் சிரிப்பு அதுதான்.

மறுநாளிலிருந்து கஷாயம் நின்றது. காய்ச்சுகிற வேலை இல்லையென்றால் வீட்டோடு கிடப்பானேன்? வாசல்கள் திறந்தன. பொட்டலத்தை மட்டும்தான் நிறுத்தச் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொட்டலமும் பூட்டும் ஒன்றாகக் கட்டப்பட்டவை என்பது கட்டியவருக்குத் தெரியும். பிரித்தவனுக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ரோஸி மட்டும் கஷாயத்தை நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்கென்று ஆறு பன்றி வைத்திருந்தார். மகளின் கல்யாணமே அதை நம்பித்தான் இருந்தது. அந்த வாரம் நான் சத்து ஊசி போட நாலு வீடு போனேன். முதல் வீட்டில் ஒரு பன்றி காய்ச்சலாய்ப் படுத்திருந்தது. புழுக்கம் என்று நினைத்தேன். பூட்ஸைக்கூடக் கழுவாமல் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கடைசியில் ரோஸி வீடு. வாசல் பூட்டியிருந்தது. "சயா, பாக்கியம் அக்கா யாரையும் விடக்கூடாதுன்னாங்க..." என்று இழுத்தார். நான் முகத்தைச் சுளித்தேன். அவ்வளவுதான், பூட்டைத் திறந்துவிட்டார். படித்தவனை வாசலில் நிறுத்த அவருக்கு ஆனாதே.

நான் நடந்த வரிசையிலேயே பன்றிகள் செத்தன. முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு, ரோஸி வீடு. ஆறும் போயின. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். ரோஸி அந்தக் குழியருகே உட்கார்ந்து, "விடாம காய்ச்சினேனே, விடாம காய்ச்சினேனே" என்று அழுதார். யாரோ ஒருவர், அந்த வேரில்தான் ஏதோ கோளாறு என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சயா, மருந்தாலதான் வந்துச்சா?" என்று ரோஸி கேட்டார்.

"சொல்ல முடியாது" என்றேன்.

எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும். இரண்டே வார்த்தையில் ஒரு மனுஷியின் பெயரை அந்தக் குழியில் போட்டு மூடினேன். அதன்பின் யாரும் அவரிடம் பொட்டலம் வாங்கவில்லை. கோயில் வாசலில்கூட ஒதுங்கிப் போனார்கள். பழைய துணி தைத்துப் பிழைத்தார்.

ஒருநாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் வாசலில் நின்றார். கையில் ஒரு சோடி புது ரப்பர் பூட்ஸ். "ஒரு கொட்டாய்க்குப் போட்டத இன்னொண்ணுக்குப் போடாதீங்க, சயா. மாத்திக்க இது இருக்கட்டும்" என்றார். என் அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "மழைச் சேத்துல தடம் நல்லாப் பதிஞ்சிருந்துச்சு. சாண் போட்டு அளந்தேன். நாலு வாசல்லயும் ஒரே அளவு" என்றார்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னா சண்டையாப் போயிரும். நீங்க சொன்னா நாலு பேரு காலக் கழுவப் பழகுவாங்க. நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். இரண்டு வருஷம் ஆனது. வழியில் பார்த்தால், "சாப்டீங்களா, சயா?" என்று மட்டும் கேட்பார். சொன்னீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பேன்.

சுடுகாட்டுக்கு எண்ணிப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். பன்றி வளர்க்கிறவர் ஒருவர்கூட இல்லை. அங்கிருந்து நேராக ரோஸி வீட்டுக்குப் போனேன். இப்போது மறுபடி இரண்டு குட்டி வைத்திருக்கிறார். வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். காய்ச்சல் பன்றி, கழுவாத பூட்ஸ், நாலு வீடு, குழியருகே நான் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

ரோஸி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆறு பன்றியைப் பற்றி அவர் பேசவே இல்லை. "அந்தம்மா எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேனே, சயா. ரெண்டு வருசம். போன வாரம்கூட மார்க்கெட்டுல என்னப் பாத்துச் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. அத இனி யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?" என்று கேட்டார். அவர் வாசலைத் திறக்கவில்லை. அதுதான் சரி.

மற்ற மூன்று வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். உங்களுக்கு இதை எழுதுகிறேன். பாக்கியம் அக்காவின் மருந்து யாருடைய பன்றியையும் கொல்லவில்லை. நோயைக் கொண்டுபோனது நான்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு சோடி பூட்ஸ் மட்டுமே. இதுவரை போட்டதில்லை. நேற்றுக் காலை முதல்முறையாகக் காலை விட்டுப் பார்த்தேன். இம்மிகூடப் பிசகாத அளவு.