சல்மா உம்மா வீட்டு மாபிள் தரை

ஜித்தாவில் ஹோட்டல் தரைகளைத் தேய்த்து மெருகேற்றிவிட்டு ஊர் திரும்பிய ஆதம்பாவாவுக்கு, கல்முனைப் பக்கம் தொழில் பிடிபடத் தொடங்கிய நேரத்தில்தான் சுனாமிக் கடல் வந்தது. பெண்சாதியும் பிள்ளைகளும் கடலுக்குத் தள்ளியுள்ள சம்மாந்துறையில் நின்றதால் தப்பினார்கள். வீடும் தேய்க்கிற மெஷினும் போய்விட்டன. பிறகு சில வருடம் நிவாரண வீடுகளுக்குச் சீமெந்து குழைத்தார்.

யுத்தம் முடிகிற கட்டத்தில், வேறொரு மெஷின் கைக்கு வந்திருந்த சமயம், மருதமுனைக் கடற்கரையிலிருந்து சல்மா உம்மா கூப்பிட்டனுப்பினார். அவருடைய வீட்டு மண்டபத்து வெள்ளை மாபிளில் சுனாமிச் சேறு ஊறிக் கறுத்திருந்தது. போதாததற்கு யாரோ கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஊற்றித் தேய்த்திருந்தார்கள். அது கல்லைத் தின்று, அம்மை போட்ட முகம் மாதிரிக் குழி குழியாக்கியிருந்தது.

ஆதம்பாவா அவசரப்படவில்லை. வெறும் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, ஈரத்துணி விரித்து, கல்லுக்குள் இருந்த உப்பை வெளியே இழுத்தார். காய்ந்ததும், மெஷினை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போனார். பின்சுவர்ப் பக்கம் சத்தம் மாறியது. கீழே வெறுமை. மெஷினின் பாரத்துக்கு அந்த இடம் உடைந்து இறங்கும்.

"உம்மா, கடல் அடியால மண்ண அள்ளிட்டுப் போயிருக்கு. கல்லக் கிளப்பிப் பார்த்து நிரப்போணும்."

சல்மா உம்மா குறுக்கே வந்து நின்றார்.

"வேணாம் மனே. மேலால மினுக்கிட்டுப் போங்க."

"அப்பிடிச் செய்யேலாது உம்மா. உடைஞ்சிரும்."

சல்மா உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என்ட மூத்த மகள் பஹ்மிதாட மையத்து இன்னும் கிடைக்கல்ல. இந்த மூலையிலதான் நிண்டவள். தண்ணி சுவர உடைச்சிட்டு வந்ததக் கண்டன். பிறகு அவளக் காணல்ல. தண்ணி அடியால இழுத்துட்டுப் போய், கீழ கிடந்தாளெண்டா?"

ஆதம்பாவா சாமான்களைக் கட்டி வைத்தார். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கிளப்பினால் எதைக் காண நேருமோ என்று பயந்தார். கிளப்பாமல் சீமெந்துக் கலவையை உள்ளே விட்டு மூடினாலோ, ஒரு பிள்ளையின் உடலுக்கு மேல் தரை போட்டவன் என்ற நினைப்பு ஆயுளுக்கும் விடாது. வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தார். விட்டால் அந்தத் தாய் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

மறுநாள் சல்மா உம்மாவே சொன்னார். "கிளப்புங்க. நான் பக்கத்துல இரிக்கன்."

மூலைக் கல்லின் விளிம்பில் உளியை வைத்து நெம்பினார். கல் மேலே வந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டு. கையை விட்டுத் துழாவினார். அந்த நேரம் வீதியில் பட்டாசு வெடித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வாசலிலிருந்து இளைய மகள் றாஹிலா கத்தினாள்.

"உம்மா, சண்டை முடிஞ்சிட்டாம்! றேடியோவுல சொல்றாங்க!"

சல்மா உம்மா திரும்பவில்லை. "பாருங்க மனே," என்றார்.

மறுபடி கையை விட்டார். ஈர மணல். சிப்பிகள். அதற்கப்பால், உருண்டையாக, வழவழப்பாக ஒன்று. "யா அல்லாஹ்" என்று முனகிக்கொண்டு அதை மெதுவாக வெளியே எடுத்தார். ஒரு தேங்காய்ச் சிரட்டை. சல்மா உம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சத்தம் மாறிய கல் ஒன்றுவிடாமல் கிளப்பினார்கள். மணலைத் தவிர எதுவும் இல்லை.

"அப்ப அவள் எங்க?" என்று கேட்டார் சல்மா உம்மா. பிறகு அழுதார். சுனாமிக்குப் பிறகு தாய் வாய்விட்டு அழுததை அன்றுதான் கண்டதாக றாஹிலா பின்னர் சொன்னாள்.

ஆதம்பாவா குழியை நிரப்பிக் கற்களைப் பதித்தார். மாபிள் தூளைப் பசையில் குழைத்து அசிட் குழிகளை அடைத்து, முரட்டுத் தேய்ப்புக் கல்லிலிருந்து நைசுக் கல் வரை மாற்றி மாற்றித் தேய்த்தார். தரை பால் மாதிரி வந்தது. பின்சுவர்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல். உப்பு முழுதாகப் போகவில்லை. வருஷத்துக்குள் உப்பு வெளியே வந்து பூக்குமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதை மறைக்காமல் சொன்னார்.

"பூத்தா வாங்க," என்றார் சல்மா உம்மா.

மகள் எங்கேயோ உயிரோடு இருப்பாள் என்று ஊருக்குச் சொல்லி, உடல் இல்லாமல் தொழுகிற காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு அதுவரை உடன்படாதவர், வேலை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு சொந்தக்காரரை வீட்டுக்கு அழைத்தார். மண்டபத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஒதுங்கி நின்ற ஆதம்பாவாவைச் சல்மா உம்மாவின் மச்சினன் றஸாக் கையைப் பிடித்து இழுத்து இடம் கொடுத்தார்.

இமாம் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டினார். ஆதம்பாவாவும் கட்டினார். காலடியில் கல் குளிர்ந்திருந்தது. உள்ளறையில் சல்மா உம்மா மகளின் பெயரைச் சொல்லி துஆக் கேட்பது வெளியே கேட்டது.