ஒரு குறையும் இல்லை, சேர்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் இறந்த எங்கள் மீனவர் சங்கத் தலைவரைப் பற்றி எழுத நினைத்தேன். அவர் எந்த அரசாங்கக் கந்தோரிலும் கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுவார். "பிறகு வாங்க" என்று ஒரு உத்தியோகத்தர் சொன்னபோது, "பிறகு வந்தா நீங்க மாறிப் போயிருவீங்க சேர், நாங்கதான் இங்கயே கிடப்பம்" என்றார். அந்த உத்தியோகத்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கதவடியில் நின்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் கதைக்க வராது.

சண்டைக் காலத்தில் எங்கள் தோணித்துறை இராணுவ முகாமின் வேலிக்குள் போய்விட்டது. சண்டை முடிந்தும் வேலியை எடுக்கவில்லை. இன்றைக்கும் அரை மணித்தியாலம் சுற்றிப் போய்த்தான் வாவியில் இறங்குகிறோம். அந்த முகாமுக்குப் பெரியவராக இருந்த அதிகாரி ஓய்வு பெற்றதும் அவருக்கு மாகாணத்தில் பெரிய பதவி ஒன்றைக் கொடுத்தார்கள். நாங்கள் வாக்குப் போட்டு வந்தவர் அல்ல. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குக் குறை கேட்க வந்தார். துறையைத் திருப்பிக் கேட்கும் மனு என் சட்டைப் பையில் இருந்தது. "நான் கதைக்கிறன், நீ கடதாசியக் குடு மனே" என்றார் தலைவர்.

மண்டபத்துக்கு நூறு யார் தூரத்துக்கு முன்னாலேயே எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனோம். யாரும் இறங்கச் சொல்லவில்லை. சோதனைச் சாவடியில் பழகிய கால்கள். அந்த அதிகாரி நல்ல தமிழில், மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்கட கரையில ஏதும் குறை இருக்கா ஐயா?"

கதிரை இருந்தும் தலைவர் நின்றுகொண்டிருந்தார். "ஒரு குறையும் இல்லை, சேர்."

அதிகாரியின் பக்கத்திலிருந்தவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு அதிகாரி என்னைப் பார்த்தார். என் கை பைக்குள் போனது. மனுவை விட்டுவிட்டு அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். "இப்ப இது தேவையில்லை" என்று சிரித்துத் திருப்பித் தந்தார். அவர் பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு ஒரு சொல் அதட்டவில்லை. சட்டையை அவர் மாற்றிவிட்டார், எங்களுக்குத்தான் உடம்பு மாறவில்லை.

திரும்பி வரும்போது தலைவர் சொன்னார்: "நீயாவது எதையோ எடுத்து நீட்டினாய் மனே. எனக்குக் கையே எழும்பல்ல." அதற்குப் பிறகு அவர் எந்தக் கந்தோருக்கும் போகவில்லை.

போன கிழமை நானே புதிதாக ஒரு மனு எழுதிக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை பார்க்கும் பிள்ளை பழைய பதிவைப் புரட்டிப் பார்த்தாள். "உங்கட கரையில குறை ஒண்டும் இல்லையெண்டு தலைவரே சொல்லிக் கிடக்கே ஐயா. அவரக் கூட்டிட்டு வாங்களன்."

அவர் இல்லை என்று சொல்ல எனக்கு அங்கே வாய் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, தலைவரின் முப்பத்தோராம் நாள்.