அலோசியஸ் கேட்ட துவக்கு அனுமதி

என்ர மனுசன் அலோசியஸ் ஒரு நாள் துவக்குக்கு விண்ணப்பம் போடுவார் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. ஜேர்மனியில, கார்ல்ஸ்ரூஹே நகரத்தில ஒரு நகைக்கடை வாசலில பதின்மூண்டு வருசமாக் காவல் நிக்கிறார். நிண்டு நிண்டு முழங்கால் ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. மாசி மாசம் கொம்பனியில கூப்பிட்டு, வங்கிக்குக் காசு கொண்டுபோற வாகனத்தில ஒரு வேலை இருக்கெண்டு சொல்லியிருக்கினம். இருந்து செய்யிற வேலை, நிரந்தரம். ஆனா கோட்டுக்குள்ள மறைச்சு ஒரு கைத்துவக்கு வைச்சிருக்க வேணும். பங்குனி முடியமுன்னம் அதுக்கு அரசாங்க அனுமதி எடுக்காட்டி, வேலை வேற ஆளுக்கு.

"உடன எழுதிக் குடுங்கோ" எண்டு நான் அண்டைக்கே துவங்கிட்டன்.

வில்லங்கம் என்னெண்டால், வேலை கார்ல்ஸ்ரூஹேயில, வீடு றைன் ஆத்துக்கு அங்கால. பாலம் தாண்டினால் வேற மாநிலம். வேலைப் பக்கத்து அலுவலகம், "நீங்கள் வெளிமாநில ஆள், வீட்டுப் பக்கம் கேளுங்கோ" எண்டுது. வீட்டுப் பக்கத்து அலுவலகம், "கொம்பனி இருக்கிற பக்கம் கேளுங்கோ" எண்டுது. சட்டம் நாடு முழுக்க ஒண்டுதானாம். பிறகேன் ரெண்டு கதை? எனக்குத் தலை சுத்திச்சு.

இவர் ஒவ்வொரு தரமும் வந்து, "ஏலாதாம்" எண்டுபோட்டு ஆறுதலாத் தேத்தண்ணி ஊத்துவார். எனக்கு விசர் வரும். வாயில்லாப் பூச்சி எண்டு பேசினன். கடைசியில நானே ரெண்டு பக்கமும் போனடிச்சுச் சண்டை பிடிச்சு, வீட்டுப் பக்கத்து அலுவலகத்திலதான் பாக்கவேணும் எண்டு ஒப்புக்கொள்ள வைச்சு, அன்ட்றாக் எண்ட விண்ணப்பப் படிவமும் குடுப்பிச்சன். நேர வரச்சொல்லி டெர்மின் தந்த அண்டைக்கு ஆளைக் கையோட கூட்டிக்கொண்டு போனன்.

அங்க இருந்த அதிகாரி அம்மா நல்ல மரியாதையானவ. இவர் இருந்த ஊரெல்லாம் விசாரிச்சவையாம், ஒரு குற்றமும் இல்லையாம். அப்பாடா எண்டு இருந்தன். பிறகு பழைய கோப்பு ஒண்டை எடுத்தா. தொண்ணூற்றாறில இவர் அகதி எண்டு பதிஞ்சபோது குடுத்த வாக்குமூலம்.

"ஊரில பதினேழு வயசில உங்களை இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போய், நாலு மாசம் துவக்குப் பயிற்சி குடுத்தவை எண்டு சொல்லியிருக்கிறீங்கள். சரியோ?"

"ஓம்" எண்டார்.

நான் ஆளைத் திரும்பிப் பாத்தன். கலியாணம் கட்டி இருபத்தொரு வருசம். இவற்ர சீனி எவ்வளவு, பிறஷர் எவ்வளவு எண்டு எனக்கு மனப்பாடம். இது எனக்குத் தெரியாது.

அவ அடுத்த பக்கத்தைப் பிரட்டினா. "இனிச் சீவியத்தில துவக்குத் தொடமாட்டன் எண்டும் சொல்லியிருக்கிறீங்கள். இப்ப கேக்கிறீங்கள். நான் எதை எழுதிறது?"

அவ கோவமாக் கேக்கேல்லை. விளங்காமல்தான் கேட்டா. இவர் என்ர பக்கம் திரும்பினார்.

"நான் என்ன சொல்ல, பேர்பெச்சுவா?"

ஒவ்வொரு தரமும் "ஏலாதாம்" எண்டு வந்தபோது இந்த மனுசன் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டிருக்கிறார் எண்டு எனக்கு அப்பதான் உறைச்சுது. பிடரியில பிடிச்சுத் தள்ளினது நான். வெக்கமாப் போச்சு.

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ" எண்டன்.

"அப்ப வேலை?"

"சொல்லுங்கோ."

சொன்னார். அன்ட்றாக்கைத் திருப்பித் தந்தா. பங்குனி முடிய அந்த வேலைக்கு வேற ஆள் போயிட்டார். இவர் இப்பவும் வாசலிலதான் நிக்கிறார். நான் செய்தது சரியோ பிழையோ எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. அந்த நாலு மாசத்தைப் பற்றியும் நான் கேக்கேல்லை. கேட்டால் சொல்லிப்போடுவார் எண்டு பயமாக் கிடக்கு.