மாரிக்கனி எரித்துப் பார்த்த தூள்

காலை எட்டரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இராஜபாளையம் பஸ் ஏறுகிற மாரிக்கனியைப் பார்ப்பவர்கள் பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுடைய வேலை பொடிகளைக் கொளுத்திப் பார்ப்பது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. கம்பெனிகள் அனுப்புகிற ரசாயனத் தூள் எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும், பிடித்த தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்று அளந்து சொல்ல வேண்டும். அவள் எழுதுகிற முடிவை வைத்துத்தான் மூடையில் எச்சரிக்கை ஒட்ட வேண்டுமா, அதை எங்கே எப்படி அடுக்கி வைக்கலாம் என்பதெல்லாம் முடிவாகும்.

சோதனை பார்வைக்கு எளிமையானது. கால் மீட்டர் நீளமுள்ள ஒரு அச்சில் தூளை நிரப்பி, மூன்று தடவை மெல்லத் தட்டி, ஒரு தகட்டின்மேல் கவிழ்த்தால் தூள் ஒரு குட்டி வரப்பு போலப் படுத்திருக்கும். ஒரு முனையில் பர்னரைக் காட்டுவாள். தீ பிடித்து இரண்டு நிமிடத்துக்குள் அந்த வரப்பில் பெரும்பகுதியைக் கடக்காவிட்டால் அதோடு விட்டுவிடலாம். கடந்தால் சோதனை தொடரும். நூறு மில்லிமீட்டரைத் தாண்ட எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்பாள். நாற்பத்தைந்துக்குக் குறைந்தால் அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். ஒரே தூளை ஆறு தடவை எரிப்பாள். ஒரு தடவை போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். போதாது என்பாள்.

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு பிசின் தூள் வந்தது. பிளாஸ்திரியில் தடவுகிற பசைக்குச் சேர்ப்பார்களாம். வெளிர் மஞ்சள் நிறம், முகத்துக்குப் பூசுகிற பவுடர் போல அத்தனை மென்மை. பர்னரைக் காட்டியதும் தீ தயங்கவே இல்லை. முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்தேழு. ஆறு தடவையும் நாற்பதைத் தொடவில்லை. தீப்பற்றும் பொருள் என்று எழுதி, கூடத்தின் உரிமையாளர் பொன்னுராஜிடம் கொடுத்தாள். அவர் வழக்கம்போல, நம்பர் போடுமுன் வரைவு நகலைக் கம்பெனிக்கு அனுப்பினார்.

இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தவறான சாம்பிள் வந்துவிட்டது, அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், சரியானதை அனுப்புகிறோம் என்றார்கள். புதிதாக வந்தது அதே மஞ்சள், அதே வாசனை. ஆனால் தூள் இல்லை. ரவையைவிடப் பெரிய பரல் பரலாக இருந்தது. தீ வைத்தபோது முனையில் உருகிக் குமிழியிட்டது, நகரவில்லை. இரண்டு நிமிடம் ஆனபோது கால்வாசி தூரம்கூடப் போகவில்லை. ஆறு தடவையும் அப்படியே.

மாரிக்கனி பொன்னுராஜின் அறைக்குப் போனாள். இரண்டும் ஒரே பொருள்தான், அரைத்தால் எரியும், அரைக்காவிட்டால் எரியாது, எந்த உருவத்தில் விற்கிறார்களோ அதைத்தானே சோதிக்க வேண்டும் என்றாள். பொன்னுராஜ் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"வந்த சாம்பிளுக்குத்தாம்மா நாம பதில் சொல்ல முடியும். அவிய என்னத்த மூடையில அடைக்காகன்னு நாம போயிப் பாக்கவா முடியும்?"

அவள் ஒன்று மட்டும் கேட்டாள். இந்த முடிவு பரல் வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வேண்டும். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த வரி இரண்டாம் பக்கத்தில் ஏறியது. முதல் பக்கத்தில், தீப்பற்றும் பொருள் என்ற வகைப்பாட்டில் வராது என்ற முடிவும் அதன் கீழே அவளுடைய கையெழுத்தும். முதல் ரிப்போர்ட் வரைவோடு நின்றது, அதற்கு நம்பரே போடவில்லை. நோட்டில் மட்டும் அந்த ஆறு எண்களும் இருந்தன. அவற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் வாடிக்கையாளர் திரும்பப் பெற்றார் என்ற குறிப்பு.

மாரிக்கனி குடியிருந்தது நான்கு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில். அடுத்த வீட்டில் கருத்தம்மாள். மாரிக்கனியைவிட ஆறேழு வயது இளையவள், நூல் மில்லில் வேலை பார்த்தவள். சித்திரையில் ஊருக்கு வெளியே ஒரு குடோனில் புது வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய மூடையிலிருந்து சின்னப் பாக்கெட்டில் நிரப்பி, சீலிங் மெஷினில் சூடாக்கி வாயை ஒட்டுகிற வேலை.

ஒரு சாயங்காலம் குழாயடியில் இருவரும் நின்றபோது கருத்தம்மாளின் ரவிக்கைக் கையில் மஞ்சள் பொடி படிந்திருந்ததை மாரிக்கனி பார்த்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள். அதே பிசின் தூள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் குடோனுக்குப் போனாள். தகரக் கூரை, ஒரே வாசல். வாசலை அடைத்தாற்போல மூடைகள். அதே கம்பெனிப் பெயர். எந்த மூடையிலும் தீ எச்சரிக்கை இல்லை. உள்ளே ஏழு பெண்கள் உட்கார்ந்து தூளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். தரையில் நடந்தால் கால்தடம் விழுந்தது. சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் பேசினான். இது லேசில் தீப்பிடிக்கிற சரக்கு, பக்கத்தில் சூடான மெஷினை வைக்கக் கூடாது என்று அவள் சொன்னதும் மேஜை டிராயரிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினான்.

"டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பியிருக்காக மேடம். இந்தா பாருங்க, பிடிக்காதுன்னு போட்டிருக்கு."

முதல் பக்கம் மட்டும் இருந்தது. அடியில் அவளுடைய கையெழுத்து.

அது தன் கையெழுத்து என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டாள். வந்ததே இவ்வளவுதான் என்றான். கிளம்பும்போது கைக்குட்டையில் இரண்டு பிடித் தூளை முடிந்துகொண்டாள். அடுத்த நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அச்சில் நிரப்பி எரித்தாள். முப்பத்தேழு விநாடி.

பொன்னுராஜ் அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு அவள் முன்னாலேயே கம்பெனிக்குப் போன் செய்தார். ஒரு வாடிக்கையாளரின் சரக்கை அனுமதியில்லாமல் எடுத்துச் சோதிப்பது உங்கள் கூடத்தில் வழக்கமா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அவர் போனை வைத்துவிட்டார். மாரிக்கனி, தொழிற்சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு மனு எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: அங்கீகரிக்கப்பட்ட கூடத்தின் சோதனை அறிக்கையை இணைத்து அனுப்பவும். அங்கீகரிக்கப்பட்ட அறிக்கை என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது அவள் கையெழுத்துப் போட்டது.

மிச்சம் இருந்தவள் கருத்தம்மாள் மட்டும். அவளிடம் வேலையை விடச் சொன்னாள்.

"மில்லுல எட்டு மணி நேரம் நின்னு காலு ரெண்டும் வீங்கிப் போச்சுக்கா. இங்கன ஒக்காந்து செய்யுதேன். இதயும் விட்டுட்டு எங்க போவேன்?"

வாசல் பக்கமாக உட்காரு, மெஷினைத் தள்ளி வை, பொடி சிந்தினால் உடனே கூட்டு என்றாள் மாரிக்கனி. கருத்தம்மாள் தலையை ஆட்டினாள். இரண்டு நாள் வாசல் பக்கம் உட்கார்ந்தாளாம். அங்கே காற்றுக்குத் தூள் பறக்கிறது என்று சூப்பர்வைசர் அவளை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டான்.

ஆனி மாதம், பகல் பதினொரு மணி. சீலிங் மெஷினில் பாக்கெட் ஒட்டிக்கொண்டு கருகி, கிழிந்து, சிந்திய தூளில் தீ பிடித்தது. மூடைகளின் அடிவரைக்கும் தரையெல்லாம் தூள்; அது கிளம்பிப் பறந்து காற்றிலேயே பற்றியது. பெண்கள் எழுந்து நிற்பதற்குள் தீ அவர்களைத் தாண்டிப் போயிருந்தது. ஐந்து பேர் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். வாசலுக்குத் தூரத்தில் இருந்த இருவருக்குத் தீக்காயம். ஒருத்தி கருத்தம்மாள். இரண்டு கைகளும் தோள்வரை, கழுத்து, ஒரு பக்கக் காது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். கட்டுகளின் நடுவே முகம் சிறுத்துப் போயிருந்தது. மாரிக்கனி பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். குடோனில் இருந்த தாள், அதில் இருந்த கையெழுத்து, முதலில் வந்த சாம்பிள். எதையும் விடவில்லை. கருத்தம்மாள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தாள்.

"நீ என்னக்கா செய்வ. வேண்டாம்னு சொல்லத்தான செஞ்ச. நாந்தான் கேக்கல," என்றாள் கருத்தம்மாள். பிறகு, செத்த நேரம் தூங்குகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். மாரிக்கனி வராந்தாவுக்கு வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

விசாரணைக்கு அவளையும் கூப்பிட்டார்கள். அதிகாரி முழு ரிப்போர்ட்டையும் வரவழைத்திருந்தார். இரண்டாம் பக்கத்தின் வரியை அவரே வாசித்தார். உங்கள் கூடத்தின் மேல் தவறு இல்லை, நீங்கள் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள் என்றார். கோடு போட்ட நோட்டை அவள் காட்டினாள். திருப்பி அனுப்பிய அதே தூள்தான் குடோனில் இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அனுமதியில்லாமல் கைக்குட்டையில் எடுத்து எரித்ததைச் சொன்னாள். அதை எழுதிக்கொள்ளலாமா என்று அவர் தயங்கிக் கேட்டபோது, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எழுதினார். கம்பெனிக்காரர்கள் நாங்கள் விற்றது பரல்தான், குடோனில் அரைத்திருப்பார்கள் என்றார்கள். குடோன்காரர் வந்ததே தூள்தான் என்றார். மூடைகள் சாம்பலாகிவிட்டன. விசாரணை இன்னும் முடியவில்லை.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஒரு வரியை எழுதவில்லை என்று மாரிக்கனி தன் கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவர் அதைத் தெரியும் என்கிறார். ஆனாலும் அந்த வரி காப்பாற்றியது அவளை மட்டும்தான். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். விட்டால் அந்த மேஜைக்கு இன்னொருத்தி வருவாள், வருகிற சாம்பிளை அவளும் எரிப்பாள். விடவில்லை. இப்போது எந்தத் தூள் வந்தாலும் அதன் உருவத்தை முதல் பக்கத்தில், முடிவுக்கு மேலேயே எழுதுகிறாள். பொன்னுராஜ் மறுப்பதில்லை. சில கம்பெனிகள் வேறு கூடத்துக்குப் போய்விட்டன.

கருத்தம்மாள் ஐப்பசியில் வீட்டுக்கு வந்தாள். முழங்கை மடிப்பில் தோல் இறுகி, கைகள் மார்புக்கு மேல் உயராது. இன்னொரு ஆபரேஷன் வேண்டுமாம், தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தினமும் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் மாரிக்கனி அந்த வீட்டுக்குப் போய் அவளுக்குத் தலை வாரிச் சடை பின்னிவிடுகிறாள். காதுப் பக்கம் முடி முளைக்கவில்லை. அங்கே சீப்பு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னைக்கு பஸ்ஸுல கூட்டமா இருக்கும் என்பாள் கருத்தம்மாள். இருக்கும் என்பாள் இவள்.