கேரியர் இல்லாத சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் என்னவெல்லாமோ பார்ப்பார்கள். பிரேக் பிடிக்கிறதா, கியர் மாறுகிறதா, பெட்டரி எவ்வளவு தூரம் தாங்கும். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். என் குவார்ட்டர்ஸிலிருந்து மேல் டிவிஷன் லயத்துக்கு அது எத்தனை நிமிடத்தில் போகும்? நடந்தால் ஒன்றேகால் மணித்தியாலம். அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நான் தோட்டத்து மருத்துவிச்சி. தெஹியோவிட்டப் பக்கம், ரப்பர் தோட்டம். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் நான் மிஸ்ஸி. மேல் டிவிஷனுக்குப் போகிற ரோட்டை இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையில் மண்சரிவு கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பது வெறும் பாறையும் சேறும். ஸ்கூட்டரில் போய் இரண்டு தரம் விழுந்தேன். இரண்டாம் தரம் மணிக்கட்டு முறிந்தது. ட்ராக்டர் வரும், மழை விட்டால், டிரைவருக்கு மனம் வந்தால்.

மாவனல்லையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முதலாளியின் தங்கச்சிக்கு நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் இரண்டு பிள்ளைப்பேறு பார்த்தவள். அந்த நன்றிக்கு அவர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார். மலையேறுகிற கரண்ட் சைக்கிள். கறுப்பு. கன்றுக்குட்டியின் கழுத்துத் தடிப்பில் டயர், முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்ப்ரிங், கைப்பிடியில் ஒரு சின்னத் திரை. பெட்டரியில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்று அது சொல்லும்.

"பதினாலு நாள் ஓடிப் பாருங்க மிஸ். பிடிச்சா வைங்க. பிடிக்காட்டி நான் வந்து ஏத்திட்டுப் போறேன்."

விலையைச் சொன்னார். என் வீட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் புரையேறி இருமினார். "அந்தக் காசுக்கு ரெண்டு ஸ்கூட்டர் வாங்கலாமே! ஐம்பது வயசுல இவளுக்கு மலையேறுற சைக்கிளு!"

"ரெண்டு ஸ்கூட்டர் இருந்தா ரெண்டு கையும் ஒடியும்," என்றேன்.

எனக்கும் ஒரு குறை இருந்தது. "ஏங்க, இவ்வளவு விலைக்கு ஒரு கேரியர் கூடவா இல்ல? பின்னால ஒரு பையை வைக்க இடமில்லையே."

"இந்த சைக்கிளுக்கு கேரியர் வாறல்ல மிஸ். ஒத்த ஆளுக்குத்தான் செஞ்சி ஈக்கி."

ஒற்றை ஆளுக்குத்தான் செய்திருக்கிறதாம். நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் மேல் டிவிஷனுக்கு இருபத்திரண்டு நிமிடம். அடி சக்கை என்று கத்திவிட்டேன். மிதித்தது நான்தான், ஆனால் மலை கொஞ்சம் தாழ்ந்து கொடுத்த மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. ரப்பர் காட்டுக்குள் பகல் பதினொரு மணிக்கும் வெளிச்சம் பச்சையாக, பழைய போத்தலுக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பால் சொட்டுகிறது. எங்கோ ஒரு ரப்பர் விதை 'டப்'பென்று வெடிக்கிறது. அதற்குள் நான் சத்தமில்லாமல் போய் நின்றதில் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கத்தியைப் போட்டுவிட்டாள்.

"அடியாத்தி! மனுசி வர்ற மாதிரியா வர்றீங்க? நெஞ்சு நின்னுருச்சு மிஸ்ஸி."

"நின்னா சொல்லு, நான்தானே பாக்கணும்," என்று சிரித்துக்கொண்டே மிதித்தேன். அங்கிருந்து அடுத்த வளைவில்தான் சுமைதாங்கி.

இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒரு பெண்ணுக்காக அந்தக் காலத்தில் நட்டது. வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து ஆறினால், இறக்காமலே போனவளின் பாரம் கொஞ்சம் குறையுமாம். பால் வெட்டுகிறவர்கள் இன்றைக்கும் வாளியை அதில்தான் வைக்கிறார்கள்.

அந்தக் கல்லைத் தாண்டும்போது பின் ஸ்ப்ரிங் 'புஸ்'ஸென்று அமுங்கியது. ஸ்கூட்டரில் என் வீட்டுக்காரர் பின்னால் ஏறி உட்கார்ந்தால் வண்டி எப்படி ஒரு தரம் குனிந்து நிமிருமோ, அப்படி. திரையைப் பார்த்தேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர் என்று இருந்தது. கண் முன்னாலேயே இருபத்தொன்பது ஆனது. திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கழுத்து வரமாட்டேன் என்றது.

மூன்றாம் நாளும் அதே இடத்தில், அதே 'புஸ்'. ஐந்தாம் நாளும். மேலே போகும்போது மட்டும், இறங்கும்போது ஒன்றுமில்லை. ஏழாம் நாள் இறங்கி நின்று சேற்றைப் பார்த்தேன். கல் வரைக்கும் டயர்த்தடம் மேலாக இருந்தது. கல்லுக்கு அப்பால் பின் சக்கரத் தடம் மட்டும் ஒரு விரல் ஆழம் கூடுதலாகப் பதிந்திருந்தது.

முதலாளிக்கு ஃபோன் போட்டேன். நல்ல மனிதர், மறுநாளே வந்தார். கழற்றினார், பூட்டினார், தானே ஏறி மேல் டிவிஷன் வரைக்கும் போய்விட்டு வந்தார். "ஒரு பிழையும் இல்ல மிஸ். அந்த வளைவுல ஒரு கிலோமீட்டர் கூட குறையல்ல. நான் உங்களை விடப் பாரம்."

அவர் போன பிறகு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற அந்தப் பால் வெட்டுகிற பெண் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "அந்தக் கல்லுல யாரோ எப்பவோ உக்காந்திருக்காங்க மிஸ்ஸி. அது சுமைய எறக்குற கல்லு. ஆளு உக்காந்தா, அங்க இருக்கிற சுமை எந்திரிச்சு ஆளு மேல ஏறிக்கும்."

"போடி, வேலையைப் பாத்துக்கிட்டு," என்று எரிந்து விழுந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். உட்கார்ந்தவள் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மண்சரிவு வந்து ஒரு மாதத்துக்குள். மேல் லயத்தில் ஒருத்திக்குத் தலைப்பிரசவம், நாள் இருக்கும்போதே நோவு கண்டுவிட்டது. ட்ராக்டர் ஏறாது. நான் நடந்தேன், ஓடினேன், மூச்சு வாங்கியது, முழங்கால் தெறித்தது. சுமைதாங்கியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம். தண்ணீர் குடித்தேன். நான் லயத்துக்குள் நுழைந்தபோது பிள்ளை பிறந்திருந்தது, கழுத்தில் கொடி சுற்றி, நீலமாக. பத்து நிமிடம் முந்திப் போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பிழைத்திருக்காது என்றும் யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்ததை நான் எவரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் கூட.

இப்போது அதே பெண்ணுக்குத்தான் மறுபடி நிறைமாதம் ஆகியிருந்தது. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் போய் இருக்கச் சொல்லியிருந்தேன். சைக்கிள் வாங்கும்போது நான் ஏன் நிமிடத்தை மட்டும் பார்த்தேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

பன்னிரண்டாம் நாள், பின்னேரம் மூன்று மணி. மழை. காலையிலிருந்து கரண்ட் இல்லை, பெட்டரியைச் சார்ஜில் போட முடியவில்லை. ஃபோன் வந்தது. அவளுடைய புருஷன். "மிஸ்ஸி, நோவு கண்டிருச்சுங்க. ட்ராக்டர் கீழ வாய்க்கால்கிட்ட புதைஞ்சு நிக்குது. வாங்க மிஸ்ஸி, வாங்க."

பையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினேன். திரையில் பதினான்கு. ரப்பர் காட்டுக்குள் மழை மேலே இலையில் மட்டும் பெய்துகொண்டிருந்தது. கீழே ஒரே இருட்டு. பால் வெட்டுகிறவர்கள் யாரும் இல்லை. சுமைதாங்கி நனைந்து பளபளத்தது. எனக்குத் தெரியும், வரப்போகிறது என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

'புஸ்'.

பதினொன்று, நாலு ஆனது. நாலு, இரண்டு ஆனது. முதுகில் பை ஒரு பக்கம் லேசாக இழுத்தது, சின்னக் கை பிடித்துக்கொண்டால் இழுக்கிற அளவுக்கு. பயத்தில் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. காடு கேட்கக் கத்தினேன்: "ஏறிக்கிட்டியா? சரி, ஏறிக்க! கெட்டியாப் புடிச்சுக்க! இன்னைக்கு நான் நிக்கமாட்டேன்!"

நிற்கவில்லை. கொஞ்ச தூரத்தில் திரை பூச்சியம் காட்டியது. பூச்சியத்திலேயே சைக்கிள் லயத்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போனது. அது எப்படி என்று முதலாளியிடம் பிறகு கேட்டேன். கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கும் மிஸ் என்றார். இருக்கலாம்.

தலை வெளியே வந்திருந்தது. கழுத்தில் கொடி. இந்த முறையும்! விரலை உள்ளே விட்டு, தளர்த்தி, தலைக்கு மேலாக எடுத்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அது கத்தியது பாருங்கள், லயத்து நாயெல்லாம் குரைத்தது. பெண் பிள்ளை. நான் அங்கேயே சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதேன், வெட்கமே இல்லாமல்.

ட்ராக்டரை மீட்டுக்கொண்டு வர புருஷன் ஓடியிருந்தான். அவளும் நானும் பிள்ளையும் மட்டும். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் வழியில உக்காந்துட்டேன்மா. பத்து நிமிஷம்."

அவள் பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் மிஸ்ஸி. வாசக்கால புடிச்சுக்கிட்டு நின்னேன். சரிவு விழுந்ததுல இருந்து எங்க வாசல்ல நின்னா அந்தக் கல்லு தெரியும். நீங்க எப்ப எந்திரிப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா நீங்க இந்தப் பக்கம் வராம விட்ருவீங்கன்னு பயம். எங்களுக்கு வேற யாரு இருக்கா?" பிள்ளையின் தலையைத் துணியால் மூடினாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். "இன்னைக்கும் படுக்கிறதுக்கு முந்தி வாசல்ல நின்னு பாத்தேன். பின்னால ஒரு புள்ளைய ஏத்திட்டு வந்தீங்களே, அது எங்க மிஸ்ஸி? மழையில நிக்குதா?"

நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பிள்ளை மறுபடி அழுதது, அவள் அதை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

தாயையும் பிள்ளையையும் ட்ராக்டரில் அனுப்பிய மறுநாள், பெட்டரி நிறைய சார்ஜ் ஏற்றி, வேண்டுமென்றே மேல் டிவிஷனுக்குப் போனேன். சுமைதாங்கியைத் தாண்டும்போது திரையில் நாற்பத்தொன்று. தாண்டிய பிறகும் நாற்பத்தொன்று. ஸ்ப்ரிங் அமுங்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை, முதுகு வெறிச்சென்று இருந்தது.

பதினாலாம் நாள் முதலாளி வேனோடு வந்தார். "எப்பிடி மிஸ், வைக்கிறதா, ஏத்துறதா?"

"வைக்கிறதுதான்."

அவருக்குச் சந்தோஷம். "அப்ப எங்கட கணக்குல ஒரு கேரியர் பூட்டித் தாறேன். நீங்க அன்டக்கே கேட்டீங்கதானே."

"வேணாங்க," என்றேன். "ஏற வேண்டிய ஆள் அது இல்லாமலே ஏறி, எறங்கியாச்சு."

"ஆ?"

"ஒன்னுமில்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."