மார்கழி மூன்று மணி நிழல்

தொண்ணூறு மாடிக் கட்டடத்துக்கு நிழல் பார்ப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பத்து மாடிக்கு ஒரு தோட்டம், நடுவயிற்றில் காற்று புகுந்து போக ஒரு பெரிய ஓட்டை, உச்சியில் பறக்கும் டாக்சி வந்து இறங்க ஒரு தட்டு என்று, ஆர்க்கிடெக்டான எங்கள் முதலாளி ஆசைப்பட்டதையெல்லாம் வரைந்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் சூரியனை நகர்த்தி, எந்த நேரத்தில் எந்த வீட்டின் மேல் நிழல் விழும் என்று நான் படம் எடுக்க வேண்டும். மார்கழி மாதம் மூன்று மணிக்கு அந்த நிழல் மேனாம்பேட்டில் நான் குடியிருக்கும் தெருவை முழுசாக மூடியது.

எங்கள் தெருக்கோடி மொட்டைமாடியில் ஒரு அக்கா காட்டன் புடவைகளுக்குக் கஞ்சி போட்டு உலர்த்திக் கொடுக்கிறார். அதுதான் அவருக்குப் பிழைப்பு. பொழுது சாய்வதற்குள் காயாவிட்டால் கஞ்சி புளித்து நாறும். அந்தப் புடவையை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

முதலாளியிடம் காட்டினேன். சித்திரை மாத உச்சிவேளைப் படத்தை மட்டும் போடு என்றார். சித்திரையில் நம் ஊரில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும்; எவ்வளவு உயரமான கட்டடத்துக்கும் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். பொய் இல்லை, ஆனால் கடைந்தெடுத்த அயோக்கியத்தனம். நான் தலையை ஆட்டிவிட்டு இரண்டு படங்களையும் லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுத் தெருக்காரர்களைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்து, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க ஏற்பாடு. மைக் முதலாளியிடம், லேப்டாப் என்னிடம். உச்சிவேளைப் படம் திரையில் வந்ததும் அக்கா எழுந்தார். அத்தனை பேர் இருக்க, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தம்பி, இது பன்னெண்டு மணி வெயிலு. மூணு மணிக்கு எம் மாடில வெயிலு இருக்குமா, இருக்காதா? நீ சொன்னா நம்பறேன்."

முதலாளி மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார். வாயைத் திறந்தால் நாளையிலிருந்து வராதே என்றார். என் விரல் எப்படியோ பட்டனைத் தட்டியது. மார்கழி மூன்று மணி திரையில் வந்தது. எங்கள் தெரு இருந்த இடம் கறுப்பாக இருந்தது.

வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலாளி குரலில் துளி பதற்றமில்லை. "பாருங்க, நம்ம ஊர் வெயில்ல உங்க தெரு முழுக்க இலவசமா நிழல். யாருக்குக் கிடைக்கும் இது?"

ஒருவர் சிரித்தார். பிறகு பின்வரிசையில் கைதட்டினார்கள். கையெழுத்துத் தாள் வரிசை வரிசையாக நகர ஆரம்பித்தது. முதலாளி என் தோளைத் தட்டி, நல்ல படம், இனிமேல் எல்லாக் கூட்டத்திலும் இதையே காட்டு என்றார்.

தாள் அக்காவிடம் வந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் அடுத்தவரிடம் நீட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீ உண்மைய காட்டிட்ட, சரி. அவரு நிழலு இலவசம்னு சொன்னப்போ ஏன் கம்முனு குந்திகினு இருந்த?"

வேலை தப்பியது என்ற சந்தோஷத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.